பதினெட்டு வருஷத்துப் புது ஆள்

வேலை தெரியாதவள் மாதிரி தைக்கக் கடுகுக்கு வரவில்லை.

சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய திண்டை வைத்துக்கொண்டு, தையலைக் கோணலாக்கப் பார்த்தாள். அது நேராகவே போனது. எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. பிரி."

"கை அதுபாட்டுக்குப் போகுது அண்ணி."

"போக விடாதே. முதல் நாள் எப்படித் தைச்சே? அதை நினைச்சுக்கோ."

தான் முதல் நாள் எப்படித் தைத்தோம் என்பது கடுகுக்கு நினைவில்லை. அண்ணி முதல் நாள் எப்படித் தைத்தாள் என்பது நன்றாக நினைவிருந்தது. அண்ணியைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்து, பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அண்ணிக்கு ஊசி பிடிபடவில்லை. முதலாளிகளிடம் பேசுவது பிடிபட்டது. இப்போது அண்ணி சூப்பர்வைசர். கடுகு கண்ணை மூடி, அன்றைக்கு அண்ணியின் ஊசி போன வழியை நினைத்துக்கொண்டு தன் ஊசியை விட்டாள். தையல் அழகாகக் கோணியது.

"இப்பதான் சரி," என்றாள் அண்ணி. யாருடைய கோணல் அது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆள் சிறியவள், வாய் திறந்தால் பொரியும். அதனால் மெத்தைக் கம்பெனியில் அவளுக்குக் கடுகு என்று பெயர் விழுந்தது. சின்னப் பெண்கள் கடுகக்கா என்பார்கள். பதினெட்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, மெத்தைக்குப் பொத்தான் கட்டுவது. முழங்கை நீள ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் வாங்கி, மறுபடி மேலே அனுப்பி, நூலை இழுத்து முடிச்சுப் போட வேண்டும். இழுப்பு குறைந்தால் மெத்தை உப்பிக்கொண்டு நிற்கும். கூடினால் துணி கிழியும். எங்கே நிறுத்துவது என்பதை அவள் உள்ளங்கை சொல்லும். யோசிக்க வேண்டியதே இல்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவாள்.

அப்படிப்பட்டவள் வேலை தெரியாதவளாக மாற வேண்டி வந்தது நகராட்சியால். ஊரில் தொழில் வளரவில்லை, படித்தவனுக்கும் வேலையில்லை, படிக்காதவனுக்கும் வேலையில்லை என்று நகராட்சி ஒரு திட்டம் போட்டிருந்தது. தொழில் தெரியாத, வேலையில்லாத புது ஆளை எடுக்கும் கம்பெனிக்கு, அந்த ஆளின் சம்பளத்தில் பாதியை இரண்டு வருஷம் நகராட்சியே தரும். சொத்து வரியிலும் தள்ளுபடி. மேம்பாலத்தின் பக்கச் சுவர் முழுக்க அதை எழுதி, சிரிக்கிற முகங்களை வரைந்து வைத்திருந்தார்கள்.

சின்ன முதலாளியும் அந்தச் சுவரைப் பார்த்தார். புது ஆளை எடுக்க வேண்டுமென்றால் புது வேலை இருக்க வேண்டும். அவரிடம் பழைய வேலையே குறைந்துகொண்டு வந்தது. சுருட்டிப் பெட்டியில் அடைத்து வீட்டு வாசலுக்கு வருகிற மெத்தைகளைத்தான் ஜனங்கள் வாங்கினார்கள். வேலையைப் புதிதாக்க முடியாதவர் ஆட்களைப் புதிதாக்கலாம் என்று முடிவு செய்தார்.

ஏழு பேரை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். கடுகு, மெத்தை புரட்டுகிற பயில்வான், இன்னும் ஐந்து பேர். எல்லாரும் அவருடைய அப்பா காலத்து ஆட்கள். உட்காரச் சொன்னார்கள். டீ வந்தது. கடுகு அதைத் தொடாமல் தள்ளி வைத்தாள். அந்த அறையில் இதுவரை அவளுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை.

சின்ன முதலாளி மெதுவாக, நல்லவிதமாகத்தான் பேசினார். வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுங்கள். மூன்று மாதம் வீட்டில் இருங்கள். பாதிச் சம்பளம் வீடு தேடி வரும். பிறகு புது ஆளாக வந்து சேருங்கள். நகராட்சிப் பணத்தில் ஒரு புது மெஷின் வாங்கினால் கம்பெனி பிழைக்கும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அப்படியானால் பதினெட்டு வருஷத்துச் சர்வீஸ் பணத்தை இப்போதே கொடுத்துவிடுங்களேன் என்று கடுகு கேட்டாள். அறையில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். சின்ன முதலாளி கோபப்படவில்லை. இப்போது பணம் கொடுத்தால் சர்வீஸ் அறுந்துவிடும், விட்டுவைத்தால் வளரும் என்றார். சர்வீஸ் பணம் வாங்கியவள் எப்படிப் புது ஆள் ஆவாள் என்று நகராட்சி கேட்காதா என்றும் கேட்டார்.

"உங்க வருஷமெல்லாம் எங்கேயும் போகாது. என் மனசுல இருக்கு," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மற்ற ஆறு பேரும் அந்த நெஞ்சைப் பார்த்தார்கள். கடுகு ஓரமாக நின்ற அண்ணியைப் பார்த்தாள்.

"நான் இருக்கேன்ல," என்றாள் அண்ணி. "உன்னை விட்டுடுவேனா?"

கணக்கு எல்லாம் தீர்ந்தது என்று எழுதியிருந்த இடத்தில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். டீ ஆறிப்போயிருந்தது.

கடுகு அந்தச் சர்வீஸ் பணத்தை நம்பித்தான் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் போய்விட்டான். போன இடம் தெரியாது, அவள் தேடவும் இல்லை. அன்றிலிருந்து அண்ணன் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளில் தூங்குவான், விழித்திருக்கும் நாளில் வீட்டில் இருக்க மாட்டான். பின்னறை அவளுக்கென்று கொடுத்ததுதான். ஆனால் வீட்டில் எது வேண்டாததாகிறதோ அது அங்கே வரும். சுற்றாத மின்விசிறி, அண்ணன் பிள்ளைகள் வளர்ந்ததும் கைவிட்ட சைக்கிள், பூட்டு போன பெட்டிகள். இவற்றுக்கு நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் அவள் பாயை விரிப்பாள். மெத்தை தைக்கிறவள் பாயில் படுக்கிறாளே என்று கேட்டவர்களுக்கு, மெத்தை போட இடமிருந்தால் அங்கே இன்னொரு பெட்டி வந்துவிடும் என்பாள்.

மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. தெருவைப் பார்த்த ஜன்னல், தண்ணீர் வருகிற குழாய், வெறும் சுவர். அந்த வெறும் சுவர்தான் அவளுக்கு முதலில் பிடித்தது. சர்வீஸ் பணத்தை வாங்கி அறைக்கு முன்பணம் கட்டுவது, ஒரு தையல் மெஷின் வாங்குவது, சோபாக் கடைக்குத் திண்டு தைத்துக் கொடுப்பது. இவ்வளவுதான் அவள் திட்டம். மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர். வருஷக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வீட்டில் உட்கார்ந்த அந்த மூன்று மாதத்தில், தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் அடிக்கடி போய் மாடியைப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குத் தலைவலி வந்ததே இல்லை.

தொழில் தெரியாது என்று கையெழுத்துப் போட்டு மறுபடி வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணி ஒரு செய்தி கொண்டுவந்தாள். நகராட்சியிலிருந்து ஆள் வந்து, புது ஆட்கள் உண்மையிலேயே புது ஆட்கள்தானா என்று வேலை செய்யச் சொல்லிப் பார்க்கிறார்களாம். சோப்புக் கம்பெனியில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு நாள்கூட ஆகாத ஒருத்தி, இருட்டில் யாரையும் இடிக்காமல் நடந்துபோய் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாளாம். சோப்புக் கம்பெனிக்கு உதவித்தொகை நின்றுபோனது.

ஏழு பேரும் வீட்டில் மறக்கப் பயின்றார்கள். மெத்தை கனக்கிற மாதிரி நடிக்க வேண்டும் என்று பயில்வானுக்குச் சொல்லியிருந்தது. அவன் தன் வீட்டில் தலையணையைத் தூக்கி முனகிப் பழகுவதாகவும், அவன் பெண்டாட்டி டாக்டரிடம் போகச் சொல்லிப் பிடுங்குவதாகவும் சொன்னான்.

வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். தோளில் துணிப்பை, நெற்றியில் வியர்வை. பஞ்சு பறக்கிற கூடத்தில் முகத்தைச் சுளிக்காமல் நின்றாள். ஒவ்வொருவரிடமும் வீட்டில் யார் யார் என்று கேட்டாள், பதிலையும் காது கொடுத்துக் கேட்டாள். மோசமானவளாக இருந்திருந்தால் கடுகுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பயில்வான் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டான். மேசை ஓரத்தில் ஒரு மெத்தை சரிந்தபோது, பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினான். அண்ணி இருமினாள். அவனுக்கு உடனே இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிகாரிப் பெண் பதறிப்போய் நாற்காலி கொண்டுவரச் சொன்னாள்.

கடுகின் முறை வந்தது. ஊசியைச் சாய்த்துக் குத்தினாள். பொத்தான் ஒரு பக்கமாகத் தொங்கியது. நூல் சிக்கியது. சிக்கெடுக்கத் தெரியாதவள் போல விழித்தாள். அண்ணி முதல் நாளில் என்னென்ன செய்தாளோ அத்தனையும் ஒன்று விடாமல் செய்தாள். பக்கத்தில் நின்ற அண்ணியின் முகம் மெல்ல மாறியது. எங்கேயோ பார்த்த தையல் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அண்ணியைக் கவனித்ததில் கடுகின் கை நிஜமாகவே தவறியது, ஊசி விரலில் ஏறியது. ரத்தம் வந்தது மட்டும் நடிப்பில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் கையில் ஊசி குத்தியது அன்றைக்குத்தான்.

அதிகாரிப் பெண் தன் கைக்குட்டையைக் கிழித்து விரலில் சுற்றிவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கத்துக்கலாம். யாரும் பிறக்கும்போதே தெரிஞ்சுகிட்டு வரதில்லை."

கடுகுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

போகும்போது அதிகாரிப் பெண் சின்ன முதலாளியிடம் சொன்னாள். இவர்களுக்கு அடிப்படையே தெரியவில்லை, முறையாகப் பயிற்சி கொடுத்தால்தான் நிலைப்பார்கள். திட்டத்தில் பயிற்சிக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது, நானே பரிந்துரைக்கிறேன் என்றாள். அப்படி ஒன்று இருப்பதே சின்ன முதலாளிக்கு அதுவரை தெரியாது. அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. நன்றாக நடிக்கச் சொன்னார்கள், கடுகு கொஞ்சம் அதிகமாகவே நன்றாக நடித்துவிட்டாள்.

ஏழு பேரும் பயிற்சி ஆட்கள் ஆனார்கள். பயிற்சி ஆளுக்கு நகராட்சி வைத்த சம்பளம் அவர்கள் முன்பு வாங்கியதைவிடக் குறைவு. அந்தத் துண்டு விழுந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் சின்ன முதலாளி. பயிற்சி கொடுப்பவருக்கும் நகராட்சியே சம்பளம் தந்தது. அதற்கு முதலாளியின் அக்கா மகன் வந்தான். மெத்தையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அதில் படுத்துத் தூங்குவது ஒன்றுதான். காலையில் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, இது மேல் பக்கம், இது கீழ்ப் பக்கம் என்று நடத்தினான்.

"வாத்தியாரே," என்றாள் கடுகு, "படுக்கிறது எந்தப் பக்கம்னு சொல்லலையே."

பயில்வான் சிரித்துப் புரையேறிக் கிடந்தான். முதல் மாதம் இப்படிச் சிரிப்பாகவே போனது. பிறகு சிரிப்பு குறைந்தது. பாடம் முடிந்து கூடத்துக்கு வந்தால் பழைய வேலை, பழைய எண்ணிக்கை. சம்பளத்துக்கு மட்டும் புது ஆட்கள். புது மெஷின் வரவில்லை. சின்ன முதலாளியின் வாசலில் புது கார் நின்றது. மெஷின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அந்தக் கப்பல் துடுப்பு போட்டு வருகிறது போலிருக்கிறது என்றாள் கடுகு. யாரும் சிரிக்கவில்லை.

பயிற்சியை மேற்பார்க்கிற பொறுப்பு வந்ததில் அண்ணிக்குச் சம்பளம் ஏறியது. வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. பழைய ஃப்ரிட்ஜ் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. கடுகு வேலையிலிருந்து திரும்பியபோது பாய் சுருட்டி மூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. பாய் இருந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது. உள்ளே பிள்ளைகளின் பழைய செருப்புகள்.

வருஷக் கடைசி நெருங்கியது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மாடியைக் கேட்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பினார். கடுகு மறுநாளே ஆபீஸ் அறைக்குப் போனாள். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன், என் சர்வீஸ் பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அண்ணியும் அங்கே இருந்தாள். இந்த முறை டீ வரவில்லை.

"உனக்கு ஏதும்மா சர்வீஸ்?" என்றார் சின்ன முதலாளி. "நீ சேர்ந்தே எட்டு மாசம்தானே ஆகுது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டு என்று நினைத்து அவளும் சிரித்தாள். அவர் நிறுத்திய பிறகும் அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது, போக வழி தெரியாமல்.

பிறகு அவர் விளக்கினார். அவளுக்குப் பழைய சர்வீஸ் இருந்தது என்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால் நகராட்சி கொடுத்ததை எல்லாம் திருப்பிக் கேட்கும். திருப்பிக் கட்டினால் கம்பெனியை மூட வேண்டும். இவள் ஒருத்தி ஆசைக்காக இத்தனை பேர் தெருவில் நிற்பார்கள். அதோடு, தொழிலே தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவளும்தானே? கேஸ் என்று வந்தால் அவள் பெயரும் அதில் இருக்கும்.

"தர மாட்டேன்னு நான் சொல்லலை. தர முடியாதபடி ஆயிடுச்சு. அவ்வளவுதான்."

கடுகு அண்ணி பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நான் எப்போ வேலைக்குச் சேர்ந்தேன்?"

அண்ணி மேசைமேல் இருந்த பேனா மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உனக்கு அப்புறம் வந்தவதானே," என்றாள்.

சின்ன முதலாளி வேகமாகச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அண்ணி சொன்னதிலேயே எல்லாம் இருந்தது. அதைக் கேட்க அந்த அறையில் ஆள்தான் இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் அண்ணி கூடுதலாக ஒரு கரண்டி வைத்தாள். கடுகு அதையும் சாப்பிட்டாள். வேண்டாம் என்று தட்டைத் தள்ள அது அவள் வீடில்லை.

அடுத்த நாள் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அதிகாரிப் பெண்ணுக்கு அவளை நினைவிருந்தது. விரல் ஆறிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டாள். அந்தக் கேள்வியில் கடுகு உடைந்துபோகப் பார்த்தாள். சமாளித்துக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். டீ வந்தது, நெஞ்சைத் தொட்டுக் காட்டியது, சமையலறையில் உட்கார்ந்து கோணலாகத் தைத்தது, வாத்தியாரின் அம்புக்குறி, எதையும் விடவில்லை.

அதிகாரிப் பெண் நம்பாமல் சிரித்தாள். "நீங்க தைச்சதை நான் கண்ணால பாத்தேனேம்மா."

கடுகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திருப்பினாள். அதன் திண்டில் நடுப் பொத்தான் அறுந்து, வாய் பிளந்து, உள்ளே இருந்த மஞ்சள் நுரை எட்டிப் பார்த்தது. பையில் எப்போதும் இருக்கும் ஊசியையும் நூலையும் எடுத்தாள். பேச்சை நிறுத்தவில்லை. பெரிய முதலாளி இருந்த காலத்தில் எத்தனை மெத்தை போகும், யார் யார் வேலை பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே குத்தினாள், வாங்கினாள், இழுத்தாள், உள்ளங்கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்து முடிச்சுப் போட்டாள். பொத்தான் தன் குழியில் போய் உட்கார்ந்தது. பக்கத்து நாற்காலியின் புதுத் திண்டு அதன் முன்னால் பழசாகத் தெரிந்தது.

அதிகாரிப் பெண் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. புரிந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

குரலைத் தாழ்த்திப் பேசினாள். அவளும் இந்தத் திட்டத்துக்காக எடுத்த ஆள்தானாம். திட்டம் இருக்கிற வரைக்கும்தான் வேலை. நீட்டிப்பதா வேண்டாமா என்று நகர்மன்றத்தில் அடுத்த மாதம் கை தூக்கப்போகிறார்கள். அறிக்கையில் நல்ல உதாரணம் என்று அவள் எழுதிக் கொடுத்திருப்பதே மெத்தைக் கம்பெனியைத்தான். அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். புகார் என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நோட்டீஸ் கையெழுத்துப் போட்ட ஏழு பேருக்குத்தான் போகும்.

கடுகு கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் முடியாது என்று சொல்லாமலே முடியாமல் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதிகாரிப் பெண் அந்தத் திண்டைத் தொட்டுத் தடவினாள்.

"எட்டு மாசத்துல ரொம்ப நல்லா கத்துக்கிட்டிருக்கீங்கம்மா," என்றாள். கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து அறை எழுத்தர் எதற்கோ வந்தார். நாற்காலியைப் பார்த்து நின்றுவிட்டார். யார் தைத்தது என்று விசாரித்தார். நம் திட்டத்தில் பயிற்சி எடுத்தவர்கள் என்று அதிகாரிப் பெண் கடுகின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அடடே, கொடுத்த காசு வீண் போகவில்லை என்று எழுத்தர் மெச்சினார். போய்த் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அதுவும் பல் போன வாய் மாதிரி இருந்தது.

"இதையும் கொஞ்சம் பாத்துடுங்கம்மா. ரெண்டு நிமிஷ வேலைதானே?"

கடுகு அந்தத் திண்டைப் பார்த்தாள். ஒரு நிமிஷ வேலை. கை தானாக நீண்டது. இந்த முறை அதைப் பிடித்து நிறுத்த அவளால் முடிந்தது.

"எனக்கு அவ்வளவு வராது சார்," என்றாள். "நான் பயிற்சியில இருக்கிறவ."

ஊசியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் எழுத்தர் தன் நாற்காலியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே, பணம் வந்துவிட்டதா என்று புருவத்தால் கேட்டார். முன்னால் நின்றவர்கள் போகட்டும் என்று அவள் ஒதுங்கி நின்றாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் சுவரைக் காட்டி, இங்கே எதை மாட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சும்மா பாக்கணும்னாங்க," என்றார் கடைக்காரர் சங்கடத்தோடு. "உன்கிட்ட கேக்காம நான் சரின்னு சொல்லலை. எப்போ வரும்னு சொல்லு, ஒரு மாசம் ரெண்டு மாசம்னா பொறுத்துக்கிறேன்."

"எட்டு மாசம் ஆயிடுச்சாம், இன்னும் பதினேழு வருஷம் பொறுப்பீங்களாண்ணே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மாத்திரை வாங்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கடுகின் வாய் அப்படித்தான் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கடைக்காரர் கவனிக்கும்போது அவள் படி இறங்கியிருந்தாள்.

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தலையை வெளியே நீட்டி, மாடியில் இருந்தவர்களைக் கீழே வரும்படி கூப்பிட்டார்.